மெலனி கோர்ட்டுக்குப் போனாள்

'அவரா? ரொம்ப நல்ல மனுஷர் சார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்!'

நாம் அடிக்கடி கேட்கிற, நாமே அடிக்கடி கொடுக்கிற சர்ட்டிஃபிகேட் இது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இதில் அந்த மனிதர் செய்த நல்ல காரியம் ஒன்றுகூடச் சொல்லப்படவில்லை. அவர் எதிர்த்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு வரச் சொன்னால் வந்துவிடுவார். சொத்தில் பங்கைக் குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். அவரால் நமக்குத் தொந்தரவு இல்லை. தொந்தரவு இல்லாதவருக்கு நாம் வைத்திருக்கிற பெயர்தான் நல்லவர்!

அப்படியென்றால், 'முடியாது' என்று சொல்கிறவர் கெட்டவரா? பொறுமை ஒரு நல்ல குணம் என்றால், அந்தப் பொறுமை எந்த இடத்தில் முடியவேண்டும்?

இந்தக் கேள்வியோடு ஒரு நடிகையின் வாழ்க்கைக்குள் போய்ப் பார்ப்போம். 104 வருடம் வாழ்ந்தவர் அவர். சினிமாவில் பொறுமையின் திருவுருவமாக நடித்துப் பெயர் வாங்கினார். நிஜ வாழ்க்கையில் தன் முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுத்தார். பெயர், ஒலிவியா டி ஹாவிலண்ட்.

'கான் வித் தி விண்ட்' படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 1939-ல் வந்த படம். அதில் ஸ்கார்லெட்டை யாரும் மறக்க முடியாது. அவளுக்குப் பக்கத்தில் மெலனி என்று ஒருத்தி வருவாள். தன் கணவன் மேல் ஸ்கார்லெட் கண் வைத்திருப்பதாக ஊரே பேசும். மெலனி மட்டும் அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஊரை வரவேற்பாள். பார்க்கிறவர்களுக்கே, 'என்னம்மா இது, இவ்வளவு நல்லவளாகவா இருப்பது?' என்று எரிச்சல் வரும். அந்த மெலனிதான் ஒலிவியா.

அந்த வேடம் கிடைத்த கதையே சுவாரஸ்யமானது. ஒலிவியா வார்னர் பிரதர்ஸ் கம்பெனியின் நடிகை. படத்தை எடுத்ததோ வேறொரு தயாரிப்பாளர், டேவிட் செல்ஸ்னிக். கம்பெனி முதலாளி ஜாக் வார்னர், 'அனுப்ப முடியாது' என்று சொல்லிவிட்டார். ஒலிவியா சண்டை போடவில்லை. முதலாளியின் மனைவி ஆன் வார்னரை டீ சாப்பிட அழைத்தார். இந்த வேடம் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று எடுத்துச் சொன்னார். அந்த அம்மா வீட்டில் பேசி, கணவரைச் சம்மதிக்க வைத்தார்.

அப்போது ஒலிவியா நயமாகக் கேட்டு வாங்குகிற பெண். கொடுக்கிற இடத்தில் இருந்தவர் முதலாளி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். ஒலிவியா 1916-ல் டோக்கியோவில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேயர்கள். அப்பா அங்கே வக்கீல். அம்மா நாடக நடிகை. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் வரும் பாத்திரத்தின் பெயரைத்தான் மகளுக்கு வைத்தார். அடுத்த வருடமே தங்கை ஜோன் பிறந்தாள். 1919-ல் அம்மா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியா வந்துவிட்டார். பிறகு விவாகரத்து, மறுமணம்.

ஒலிவியாவுக்கு டீச்சராக ஆசை. 1934-ல் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் மாக்ஸ் ரைன்ஹார்ட் என்ற பெரிய நாடக இயக்குநர் ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டார். அதில் ஒரு முக்கிய வேடத்துக்கு, 'யாராவது வராவிட்டால் நடிக்கலாம்' என்ற மாற்று ஆளாக ஒலிவியா இருந்தார். மேலே இருந்தவர்கள் விலகிப்போக, மேடை இவருக்குக் கிடைத்தது. அந்த நாடகம் வார்னர் கம்பெனியில் படமானது. ஒலிவியாவும் கம்பெனி நடிகையானார். வயது 18.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் நடிகர், நடிகைகள் மாதச் சம்பள குமாஸ்தாக்கள் மாதிரிதான். ஒரே வித்தியாசம், சம்பளம் வாரத்துக்கு. ஏழு வருட ஒப்பந்தம். எந்தப் படம், எந்த வேடம் என்று கம்பெனிதான் முடிவு செய்யும். 'இந்த வேடம் எனக்கு வேண்டாம்' என்று நடிகை மறுத்தால் சஸ்பென்ஷன். அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அது மட்டுமா? சஸ்பென்ஷனில் இருந்த நாட்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்துவிடுவார்கள்! மறுக்க மறுக்க ஒப்பந்தம் நீளும். ஏழு வருடம் என்பது எட்டாகும், ஒன்பதாகும். ஒருவர் தன் மனசாட்சிப்படி மறுத்துக்கொண்டே இருந்தால், ஆயுள் முழுக்க ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கவேண்டியதுதான்.

எரால் ஃப்ளின் கத்தி சுழற்றுகிற படங்களில் அழகான ஜோடி ஒலிவியா. 'கேப்டன் பிளட்', 'ராபின் ஹூட்' என்று எட்டுப் படங்கள். நன்றாகவே ஓடின. ஆனால், வீரன் வந்து காப்பாற்றும்வரை காத்திருப்பதைத் தவிர அந்தப் பெண்களுக்கு அதிக வேலை இல்லை. ஒலிவியாவுக்கு அது போதவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு முதல் ஆஸ்கர் நாமினேஷன் வாங்கித் தந்த மெலனி, வெளிக் கம்பெனிப் படம். இரண்டாவது நாமினேஷன் 1941-ல் வந்த 'ஹோல்ட் பேக் தி டான்' படத்துக்கு. அது பாராமவுன்ட் கம்பெனி. இரண்டுமே 'கடனாக' அனுப்பப்பட்ட இடங்கள்! திரும்பி வந்தால் சொந்தக் கம்பெனியில் மறுபடி அதே சின்ன, இனிப்பான வேடங்கள். அவர் மறுக்க ஆரம்பித்தார். சஸ்பென்ஷன்களும் ஆரம்பித்தன.

1943 மே மாதத்தோடு ஏழு வருடம் முடிந்தது. ஒலிவியா நிம்மதியாக மூச்சு விட்டார். கம்பெனி சொன்னது: 'இரும்மா, எங்கே போறே? நீ மறுத்த நாளெல்லாம் கணக்குல இருக்கு. இன்னும் 25 வாரம் பாக்கி.'

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? 'ஏழு வருஷம் ஓட்டியாச்சு, இன்னும் ஆறு மாசம்தானே? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிடலாம்' என்று நினைத்திருப்போம். நிஜமாகவே அதுதான் புத்திசாலித்தனம் மாதிரித் தெரிகிறது. ஆறு மாதம் எங்கே, கோர்ட், கேஸ் என்று அலைவது எங்கே? அதுவும் அவருக்கு முன்னால் ஒருவர் முயன்று தோற்றிருந்தார். 1936-ல் இதே கம்பெனியை எதிர்த்து இங்கிலாந்துக்குப் போய்விட்ட பெட்டி டேவிஸ், லண்டன் கோர்ட்டில் தோற்றுத் திரும்பி வந்தார்.

ஒலிவியாவின் வக்கீல் மார்ட்டின் கேங் ஒரு பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார். கலிஃபோர்னியா தொழிலாளர் சட்டத்தின் 2855-வது பிரிவு. ஒருவருடைய உழைப்பை ஒப்பந்தம் போட்டு ஏழு வருடத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது என்கிறது அது. கேள்வி ஒன்றுதான். ஏழு வருடம் என்பது காலண்டர் கணக்கா, வேலை செய்த நாள் கணக்கா?

27 வயதுப் பெண், வார்னர் பிரதர்ஸ் மேல் கேஸ் போட்டார்.

கம்பெனி தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் கேட்டுவிடுவோம். 'பெயர் தெரியாத பெண்ணாக வந்தாய். விளம்பரம் செய்து உன்னை ஸ்டார் ஆக்கினோம். நிபந்தனையைப் படித்துத்தானே கையெழுத்துப் போட்டாய்? இப்போது மாட்டேன் என்றால் எப்படி?' உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டாமா என்று நாம்கூடக் கேட்போம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது ஒழுக்கம். இதில் சந்தேகமே இல்லை.

ஆனால், நன்றி என்பது தானாகச் சுரக்கவேண்டியது. அதையே ஒப்பந்தத்தில் எழுதி, வட்டி போட்டு வசூலிக்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர் கடன். அந்தக் கடனும் எப்போது தீரும் என்று கொடுத்தவர் மட்டுமே முடிவு செய்வார் என்றால், அதற்குப் பெயர் அடிமைத்தனம்.

1944 டிசம்பரில் கலிஃபோர்னியா அப்பீல் கோர்ட் சொன்ன தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, அனுபவமும் திறமையும் வளர வளர, ஒரு மனிதனுக்கு மேலே போகவும், தன் திறமைக்கேற்ற கூலி பெறவும் நியாயமான வாய்ப்பு இருக்கவேண்டும் என்றது கோர்ட். அதனால் ஏழு வருடம் என்றால் காலண்டர் கணக்குதான். இரண்டாவது இன்னும் ஆழமானது. இந்தப் பாதுகாப்பு பொதுநலனுக்காகச் செய்யப்பட்டது. தொழிலாளியே 'எனக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்றது.

இதைக் கொஞ்சம் அசை போடுங்கள். நம்முடையதுதான் என்றாலும், நம்மாலேயே விற்க முடியாத சில விஷயங்கள் நம்மிடம் இருக்கின்றன. நம் கையெழுத்துகூட அங்கே செல்லுபடியாகாது. நாளைய நம்மை இன்றைய நாம் முழுசாக எழுதிக் கொடுத்துவிட முடியாது. 19 வயதுப் பெண்ணுக்கு, 27 வயதுப் பெண்ணின் ஆயுளை விற்கும் உரிமை இல்லை.

1945 தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் மனுவை ஏற்க மறுத்தது. கேஸ் முடிந்தது. அந்தத் தீர்ப்பை இன்றும் 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஜெயித்த கதையைக் கேட்கும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். இடையில் இருந்த அந்த இரண்டு வருடத்தைப் பாருங்கள். 'இவர் எங்கள் ஒப்பந்தத்தில் இருப்பவர், யாரும் வேலை கொடுக்காதீர்கள்' என்று ஜாக் வார்னர் மற்ற ஸ்டூடியோக்களுக்கெல்லாம் எழுதிவிட்டார். படம் இல்லை. கோர்ட் செலவுக்குக் கையிலிருந்து பணம் போகிறது. நடிகைக்கு 27, 28 வயது என்பது தங்கம் போன்ற காலம். அது கரைகிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். ஒலிவியா அலாஸ்காவுக்கும் தென் பசிபிக் தீவுகளுக்கும் போய், ஆஸ்பத்திரிகளில் கிடந்த ராணுவ வீரர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். தோற்றிருந்தால், இன்று அவர் பெயரை யாரும் ஞாபகம் வைத்திருக்கமாட்டார்கள். 'திமிர் பிடிச்சவ, கெட்டுப்போனா' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள்.

விடுதலைக்குப் பிறகு வந்த படங்கள்தான் அந்த மறுப்புக்கு அர்த்தம் கொடுத்தன. 1946-ல் 'டு ஈச் ஹிஸ் ஓன்'. முதல் ஆஸ்கர். 1948-ல் 'தி ஸ்நேக் பிட்'. மனநோய் ஆஸ்பத்திரியில் அகப்பட்ட பெண்ணின் கதை. அதற்காக நிஜமான ஆஸ்பத்திரிகளுக்குப் போய், நோயாளிகளைக் கவனித்து, அழகையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நடித்தார். 1949-ல் 'தி ஹேரஸ்'. இரண்டாவது ஆஸ்கர்.

இதுவரை கேட்டவர்கள், 'சரி, எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்க்கவேண்டும். அதுதானே நீதி?' என்று எழுந்து போய்விடலாம். இருங்கள். கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. தங்கை.

தங்கை ஜோனும் நடிகையானார். மாற்றாந்தந்தையின் பெயரைச் சேர்த்துக்கொண்டு ஜோன் ஃபான்டெய்ன் ஆனார். மெலனி வேடத்துக்கு முதலில் தன்னைத்தான் கேட்டார்கள் என்றும், 'என் அக்காவைக் கேளுங்கள்' என்று தான்தான் அனுப்பியதாகவும் ஜோன் சொல்லியிருக்கிறார். 1942 ஆஸ்கர் விழாவில் சிறந்த நடிகை விருதுக்கு அக்கா, தங்கை இருவர் பெயரும் இருந்தது. தங்கை ஜெயித்தார். 1947-ல் அக்கா ஜெயித்தபோது, வாழ்த்துச் சொல்ல வந்த தங்கையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார் என்று பத்திரிகைகள் எழுதின. 1975-ல் அம்மா இறந்தார். அஞ்சலிக் கூட்டத்துக்குத் தன்னை அழைக்கவில்லை என்றார் தங்கை. சொல்லி அனுப்பினோம், அவர்தான் வர முடியாது என்றார் என்பது அக்கா தரப்பு. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. 2013-ல் ஜோன் 96 வயதில் இறந்தார்.

கிட்டத்தட்ட நாற்பது வருட மௌனம். யார் பக்கம் தப்பு? தெரியாது. ஒரு வீட்டுக்குள் இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது அந்த இருவருக்குத்தான் தெரியும். சில சமயம் அவர்களுக்கே தெரியாது. நாம் ஜட்ஜ் இல்லை.

ஆனால், ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எந்த உறுதி ஒலிவியாவைக் கம்பெனியிடமிருந்து காப்பாற்றியதோ, அதே உறுதி தங்கை விஷயத்திலும் இருந்தது. நூறு வயதில் கொடுத்த ஒரு பேட்டியில், தங்கைக்குத் தான் வைத்த பெயர் 'டிராகன் லேடி' என்றார். இறந்துபோய் மூன்று வருடமான தங்கைக்கு!

அடுத்த வருடம், 2017-ல், பழைய ஹாலிவுட் நடிகைகளின் சண்டையைப் பற்றி 'ஃபியூட்' என்று ஒரு டி.வி. தொடர் வந்தது. அதில் ஒலிவியாவாக கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ் நடித்தார். தங்கையை ஒரு கெட்ட வார்த்தையால் அவர் குறிப்பிடுவதாக ஒரு காட்சி. தன்னைக் கேட்காமல் தன்னைக் காட்டினார்கள், தான் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை என்று ஒலிவியா கேஸ் போட்டார். கேஸ் போட்டது 101-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்! தொடர் எடுத்தவர்கள் தரப்பு என்ன பதில் சொன்னது தெரியுமா? 'அவரே டிராகன் லேடி என்று சொன்னவர்தானே? அதைத்தான் இந்தக் காலத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றினோம்.' 2018-ல் அப்பீல் கோர்ட் ஒலிவியாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை. 2020 ஜூலை 26-ம் தேதி, பல காலமாகத் தன் ஊராக ஆக்கிக்கொண்ட பாரிஸில், ஒலிவியா தூக்கத்திலேயே இறந்துபோனார்.

அந்தக் கடைசி கேஸை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. மரியாதைதான் வருகிறது. 101 வயதிலும் 'என்னைப் பற்றி நீ இஷ்டத்துக்குச் சொல்லாதே' என்று எழுந்து நிற்க எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்? ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு முள். அந்தத் தெம்பில் கொஞ்சம், ஒரே ஒரு டெலிபோன் அழைப்புக்கு, முப்பது வருடம் முன்னால் செலவாகியிருந்தால்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பொறுமை எந்த இடத்தில் முடியவேண்டும்?

அடங்கிப்போவது என்று ஒன்று இருக்கிறது. விட்டுக்கொடுப்பது என்று இன்னொன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. இரண்டிலும் ஒரு மனிதர் தலையைக் குனிகிறார். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. மறுக்க முடியாதவர் குனிந்தால் அது அடங்கிப்போவது. மறுக்க முடிந்தவர், வேண்டுமென்றே குனிந்தால் அது விட்டுக்கொடுப்பது. மெலனி ஏன் நம் மனதைத் தொடுகிறாள்? ஸ்கார்லெட்டை வீட்டு வாசலிலேயே நிறுத்தியிருக்க அவளால் முடியும். ஊர் கைதட்டியிருக்கும். அவள் செய்யவில்லை. அதனால்தான் அது குணம்.

அப்படியானால், 'முடியாது' என்று சொல்லத் தெரியாதவருக்கு, 'சரி, விடு' என்று சொல்லவும் உண்மையில் தெரியாது. அவர் சொல்வதெல்லாம் பயத்தின் 'சரி'. முதலில் மறுக்கப் பழகவேண்டும். பிறகுதான் விட்டுக்கொடுப்பதற்கே நமக்குத் தகுதி வருகிறது. ஒலிவியா இந்த முதல் பாடத்தில் நூற்றுக்கு நூறு.

இரண்டாவது பாடம்தான் கஷ்டம். மறுக்கக் கற்றுக்கொண்ட கை, எல்லாக் கதவையும் சாத்தப் பழகிவிடும். 'தி ஹேரஸ்' படத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் வருகிறது. ஏமாற்றிவிட்டுப் போன காதலன் வருடங்கள் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். கேத்தரின், அதாவது ஒலிவியா, கதவுக்குத் தாழ் போடச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். அவன் தட்டிக்கொண்டே இருக்கிறான். அவள் ஜெயித்துவிட்டாள். ஆனால், அந்தப் பெரிய வீட்டில் அவள் தனியாகத்தான் ஏறிப் போகிறாள்.

கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் ஒப்பந்தம் இருக்கிறது, வருடக் கணக்கு இருக்கிறது, 2855-வது பிரிவு இருக்கிறது. அங்கே கணக்குப் பார்ப்பது தப்பே இல்லை. பார்க்காவிட்டால்தான் தப்பு. நாம் பேசாமல் இருந்தால் நமக்குப் பின்னால் வருகிறவனும் மாட்டிக்கொள்வான். அக்கா தங்கைக்கு நடுவில் எந்தப் பிரிவும் இல்லை. அந்தக் கேஸை எடுத்துக்கொள்ள எந்தக் கோர்ட்டும் இல்லை. அங்கே இரண்டு பேரில் ஒருவர் நஷ்டக் கணக்கை மூடி வைத்தால்தான் உண்டு.

எது கம்பெனி, எது தங்கை என்று அந்தந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் வாழ்க்கையின் பெரிய சிக்கல். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மேனேஜர் முன்னால் கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் 'சரிங்க சார்' சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து தம்பியிடமும் தங்கையிடமும் சட்டம் பேசுகிறோம்!

நீங்கள் இப்போது யாரிடமோ பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி' சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வேறு யாரிடமோ பல வருடமாகப் பேசாமல் இருப்பீர்கள். இரண்டு பேரையும் ஒரு நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஒருவேளை, அந்தச் 'சரி'யையும் இந்த மௌனத்தையும் இடம் மாற்றி வைத்துவிட்டோமோ?